பெட்டியம்மன் சொன்ன வாக்கு

குருக்கள்மடம் என்ற ஊரில் தெய்வங்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. மின்சாரத்தில் இயங்கும் தெய்வம் ஒன்று இல்லையே என்ற குறை மட்டும் இருந்துவந்தது. அந்தக் குறையை யசோதினியின் வீட்டு முன்னறை தீர்த்துவைத்தது.

கல்முனை வீதியில் ஓடும் பஸ்களின் கொண்டக்டர்கள் ஊரின் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள். “பெட்டியம்மன் இறக்கம்! பெட்டியம்மன் இறங்குற ஆக்கள் முன்னுக்கு வாங்க!” என்பதுதான் இப்போதைய கூவல். விடிந்தும் விடியாமலும் வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். கட்டாருக்குப் போன கணவன் ஏன் பேசுவதில்லை என்று கேட்க ஒருத்தி. காணாமற்போன எருமை எந்தத் திசையில் நிற்கிறது என்று கேட்க ஒருவர். படிக்காமலே பரீட்சையில் தேற வழியுண்டா என்று கேட்க ஒரு வாலிபர் கூட்டம். இந்த நாட்டில் கேள்விகளுக்கா தட்டுப்பாடு? பதில்களுக்குத்தான் தட்டுப்பாடு. பதில் சொல்ல ஒரு பெட்டி முன்வந்தால், அது வெறும் பெட்டிதானே என்று யார் நின்று யோசிக்கப் போகிறார்கள்?

பெட்டி என்றால் கணினிப் பெட்டி. மேசைக் கணினி. வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத புத்தம்புதிய பொருள். மேலே சிவப்புப் பட்டு. கழுத்தில் செவ்வரத்தம்பூ மாலை. கணினிக்குக் கழுத்து எது என்பதில் பக்தர்களிடையே இரண்டு கட்சிகள் இருந்தன. திரைக்கு மஞ்சள் துணி. விசைப்பலகையின் மேல் காணிக்கைத் தட்டம். சாம்பிராணிப் புகைக்குள்ளே ஏழு நிறங்களில் மினுங்கும் சின்ன விளக்குகள். எந்த மூலஸ்தானத்திலும் இல்லாத வசதி!

எதிரே ஒரு காலை மடித்து மறுகாலை நீட்டிப் பாயில் வீற்றிருந்தார் வினாயகமூர்த்திக் கட்டாடியார். சடங்குக் காலத்தில் தெய்வமாடி வாக்குச் சொல்பவரைக் கட்டாடி என்பது இப்பகுதி வழக்கம். வினாயகமூர்த்தி எந்தக் கோயிலின் கட்டாடியும் அல்லர். எந்தக் கோயிலும் அழைக்காதபடியால் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர். கையில் ஓர் உடுக்கு.

“பேரென்ன?”

“வல்லிபுரம், கட்டாடியார். கரடியனாறு.”

“என்ன விசயமா அம்மாளிட்ட வந்த?”

“வயல் வட்டைக்குள்ள யானை இறங்குது. இந்த முறை வேளாண்மை மிஞ்சுமா எண்டு கேக்கணும்.”

உடுக்கு அதிர்ந்தது. பெட்டி வாய் திறந்தது. “பீ…ப். பீ…ப். பீ…ப்.” பிறகு மௌனம்.

மூன்று முறை கூவினால் இல்லை. இரண்டு முறை கூவினால் ஓம். இதுவே பெட்டியம்மனின் முழு இலக்கணம். வல்லிபுரத்தின் முகம் வாடியது. கட்டாடியாரின் கண் தட்டத்தின் பக்கம் சாய்ந்தது.

“அம்மாள் இல்லையெண்டு சொல்லல்ல மகன். இப்போதைக்கு இல்லையெண்டு சொல்லுறா. தட்டம் எப்பிடிக் கிடக்கு, பாத்தியா?”

வல்லிபுரம் பார்த்தார். மடியை அவிழ்த்தார். தட்டம் கொஞ்சம் தெளிந்தது. உடுக்கு மீண்டும் அதிர்ந்தது. இம்முறை இரண்டே கூவல்.

“கண்டயா! யானை உன்ட வரம்பில கால் வைக்காது. போ.”

இத்தீர்மானம் யானைகளுக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டதா என்பது பற்றி எவரும் விசாரிக்கவில்லை. அம்மாளின் கூவல்தான் மூலபாடம். அதற்குரிய வியாக்கியானமோ தட்டத்தின் நிறைவைப் பொறுத்து விரிந்தும் சுருங்கியும் கொடுத்தது. பெரிய பெரிய உரையாசிரியர்களுக்குக்கூட வாய்க்காத சுதந்திரம் இது.

இத்தனையையும் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் யசோதினி. வீடு அவளுடையது. இப்பகுதியில் வீடு பெண்ணுக்கே சீதனமாக வரும்; கணவன்தான் பெட்டி படுக்கையுடன் வந்து குடியேறுவான். கணினியும் அவளுடையதே. சீட்டு எடுத்த காசில், ஊர்ப் பாலர் பாடசாலையில் பட்ட பாட்டின் மிச்சத்தில் வாங்கியது. அந்தக் கணினி அவளுக்கு வாக்குச் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒழுங்காக எரிந்தால் போதும்.

ஏனென்றால், சுவிஸில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் கற்பிக்கும் வேலை ஒன்று அவளைத் தேடி வந்திருந்தது. வகுப்புகளுக்குப் பொறுப்பான அம்மா தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “பிள்ளை, போனிலை படிப்பிக்க ஏலாது. எழுத்தைப் பெரிசாக் காட்ட வேணும். கொம்பியூட்டர் கட்டாயம். சனிக்கிழமை முதல் வகுப்பு. அண்டைக்கு நீங்கள் வராட்டி அடுத்த ஆளைப் போட்டிடுவம். குறை நினைக்காதேங்கோ.”

யசோதினி குறை நினைக்கவில்லை. கணினி வாங்கத் தன் கணவன் சுதாகரனைச் செங்கலடிக்கு அனுப்பினாள். அதுதான் அவள் செய்த முதல் பிழை.

செங்கலடிச் சந்தியில் உதயரூபன் என்பவரின் கணினிக் கடை இருக்கிறது. கணினி வாங்கினால் சுவாமிப் படம் போட்ட சுவர்க்கடிகாரம் இலவசம். வேறெந்தத் தகைமையும் அந்தக் கடைக்குத் தேவைப்படவில்லை. உதயரூபன் சுதாகரனை இருத்தி, குளிர்பானம் கொடுத்து, வேகம், கொள்ளளவு, தலைமுறை என்று மூச்சு விடாமல் விளக்கினார். சுதாகரன் அனைத்தையும் புரிந்தவர்போல் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி எழுப்பினார்.

“லைட் எரியுமா தம்பி?”

“ஏழு கலர்ல எரியும் அண்ண!”

வியாபாரம் முடிந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது திரைக்கும் பெட்டிக்கும் இடையில் பூட்ட வேண்டிய வயரைக் காணவில்லை. மீண்டும் செங்கலடிக்கு பஸ். கொண்டுவந்த வயரின் முனை திரையின் துளைக்குப் பொருந்தவில்லை. மீண்டும் பஸ். மூன்றாம் பயணத்தில் பொருத்தமான வயர் கிடைத்தது. அப்போதுதான் கணினியின் பிளக் சதுரப் பின் என்பதும், சுவரில் இருப்பவை அத்தனையும் வட்டத் துளைகள் என்பதும் தெரியவந்தது. இலங்கையில் பிறந்த எவருக்கும் இது புதிய துயரமல்ல. சுதாகரன் சந்திக் கடைக்கு ஓடிப்போய், இரண்டு வகைப் பின்னும் ஏற்கும், சிவப்புச் சுவிட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை வாங்கி வந்தார். அந்தச் சிவப்புச் சுவிட்சை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்திருப்பது நல்லது.

எல்லாம் பொருந்தியது. இனிச் சுவிட்சைப் போட வேண்டியதுதானே? அதெப்படி? புதுப் பொருள் அல்லவா! புது மோட்டார் சைக்கிளுக்குச் செய்ததைப் புதுக் கணினிக்குச் செய்யாமல் விட்டால் கணினி என்ன நினைக்கும்? சுதாகரன் சந்தனம் பூசினார். குங்குமம் வைத்தார். தேசிக்காய் வெட்டினார். பின்னர் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, வேப்பிலைக் கொத்தைத் தோய்த்து, பெட்டியின் மேலிருந்த காற்றுத் துளைகள் வழியே உள்ளும் புறமுமாகப் பக்தி சிரத்தையோடு தெளித்தார்.

“உள்ளுக்குத் தண்ணி போகுதே!” என்றாள் யசோதினி.

“தண்ணியில்ல கா, தீர்த்தம்,” என்றார் சுதாகரன்.

சுவிட்சைப் போட்டார்கள். ஏழு கலரும் எரிந்தன. திரையோ இருண்டே கிடந்தது. பெட்டி மட்டும் “பீ…ப். பீ…ப். பீ…ப்.” என்று ஓயாமல் கத்தத் தொடங்கியது. சுவிட்சை நிறுத்தினால் நிற்கும். போட்டால், பெட்டியின் பொத்தானைத் தொடாமலே தானாக விழித்துக் கத்தும்.

சுதாகரன் கடைக்கு அழைத்தார். உதயரூபன் எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தார், எடுக்கவில்லை. கடைசியில் ஒரு குரற்பதிவு வந்தது: “அண்ண, கடையில நல்லா எரிஞ்ச சாமான்தானே! உங்கட வீட்டுக்குள்ளதான் என்னமோ இரிக்கு. பேய்ப்பார்வை பாக்கத் தெரிஞ்ச ஆரையாவது கூப்பிட்டுக் காட்டுங்க.” விற்பனைக்குப் பிந்திய சேவை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வடிவம் இனிமேல்தான் கண்டுபிடிக்கப்பட வேண்டும்.

யசோதினி தன் தோழி றுமானாவுக்கு அழைத்தாள். றுமானா ஏறாவூர்க்காரி; அதே சுவிஸ் வகுப்புகளில் கணிதம் கற்பிப்பவள். சத்தத்தைத் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“இதுக்கா புள்ள அழுற? எனக்கும் இதே கத்துக் கத்தினதுதான். அதுக்குள்ள நினைவகத் தகடு எண்டு ஒரு சின்னத் தகடு இரிக்கு. அது சரியாப் பிடிக்கல்ல. கரண்டக் கழட்டிப்போட்டு, பக்க மூடியத் திற. தகட்ட எடு. பல்லுப் பல்லா இரிக்கிற கரைய அழிறப்பரால தேச்சிட்டு, ‘டக்’ எண்டு கேக்கிற வரைக்கும் திரும்ப அமத்து. சரி வராட்டி என்னக் கேளு.”

யசோதினி அழிறப்பரை எடுத்தாள். சுதாகரன் பெட்டியின் மேல் விழுந்து மறித்தார்.

“மூடியத் திறந்தா வாரண்டி போயிரும்!”

தொலைபேசியையே எடுக்காத கடையின் வாரண்டி! ஆனால் சுதாகரன் அதை உயிரினும் மேலாகக் காத்தார். மறுநாட் காலை வினாயகமூர்த்திக் கட்டாடியாரை அழைத்து வந்தார்.

கட்டாடியார் வந்தார். கத்தும் பெட்டியை நெற்றி சுருக்கிப் பார்த்தார். பாயை இழுத்துப் போட்டுப் பெட்டியின் முன்னால் சாய்ந்து, காலை நீட்டினார். பெட்டி சட்டென்று ஓய்ந்தது. அறையில் இருந்தவர்களுள் முதலில் திடுக்கிட்டவர் கட்டாடியாரே. காலை மெல்ல அசைத்தார். பெட்டி கத்தியது. மீண்டும் அசைத்தார். ஓய்ந்தது. அவருடைய முகத்தில் ஒரு பெரும் ஞானம் உதயமாவதை யசோதினி பார்த்தாள். அந்த ஞானம் தலையிலிருந்து வரவில்லை, காலிலிருந்து வந்தது என்பது அப்போது அவளுக்கு விளங்கவில்லை.

“இது பேயில்ல,” என்றார் கட்டாடியார். “வாவிக்குள்ள இரிந்து எழும்பி வந்த அம்மாள். வாவியில மீன் பாடுற எண்டா நம்புறீங்க. பெட்டியில அம்மாள் பாடக்கூடாதா? கழிப்புக் கழிச்சு விரட்டினா குடும்பத்துக்கு ஆகாது. இருத்தி வச்சு வாக்குக் கேக்கணும். ஒருத்தரும் பெட்டியத் திறக்கப்படாது. இந்தப் பாயையும் இடம் மாத்தப்படாது.”

அன்று பின்னேரமே ஊர் திரண்டுவிட்டது. தொலைபேசியை எடுக்காத உதயரூபன் மறுநாள் நேரிலேயே வந்து சேர்ந்தார். கையில் ‘அம்மாள் விரும்பிக் குடிகொண்ட கணினியகம்’ என்று எழுதிய பெரிய பதாகை. கூடவே, மந்திரச் சக்கரம் அச்சிட்ட மௌஸ் விரிப்புகள் ஒரு கட்டு. கண்ணூறு படாமல் காக்குமாம். கணினி இல்லாதவர்களும் வாங்கினார்கள்.

யசோதினி அவரை மறித்தாள். “தம்பி, எனக்கு அம்மாள் வேணாம். நல்ல கொம்பியூட்டர் ஒண்டு தாங்க. இத மாத்துங்க.”

“என்னக்கா பேசுறீங்க? தெய்வத்த மாத்துறயா?” உதயரூபன் காதைப் பொத்திக்கொண்டார். “தெய்வத்துக்கு வாரண்டி இல்லக்கா!”

பின்னால் நின்ற சுதாகரன் பெருமிதத்தோடு தலையசைத்தார். அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. திருமணமாகி வந்த நாளிலிருந்து அவர் ‘யசோதினிர புருசன்’. இப்போதோ ‘பெட்டியம்மன் வீட்டுக்காரர்’. எந்த மனிதன்தான் இந்தப் பதவி உயர்வை ஓர் அழிறப்பரால் அழித்துக்கொள்ளச் சம்மதிப்பான்?

ஆக, நிலைமை இதுதான். யசோதினிக்குக் கணினி திருந்த வேண்டும். மற்ற எல்லாருக்கும் அது திருந்தாமல் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை நடுப்பகலில் மின்சாரம் தடைப்பட்டது. தலைக்கு மேல் விசிறி நின்றது. பெட்டியம்மனும் நின்றாள். கட்டாடியார் உடுக்கை எவ்வளவு அடித்தும் அம்மாள் மூச்சுக் காட்டவில்லை.

“அம்மாள் நித்திர,” என்றார் கட்டாடியார், வியர்வையைத் துடைத்தபடி.

மின்சாரம் வந்தது. விசிறி சுழன்றது. பெட்டி கூவியது.

“விசிறியும் அம்மாளும் ஒண்டா எழும்பிற்றாங்களே, கட்டாடியார்?” என்று கேட்டாள் யசோதினி.

“அம்மாள் எழும்பினதாலதான் கரண்டே வந்த!” என்று கூட்டத்தில் ஒருவர் விடையளித்தார். கட்டாடியாருக்கே தோன்றாத விளக்கம். அவர் அந்த மனிதரை நன்றியோடு பார்த்தார். ஏமாற்றுகிறவனுக்குப் பாதி வேலைதான். மீதியை ஏமாறுகிறவர்கள் தாமாகவே முன்வந்து செய்துகொடுப்பார்கள்.

ஆனால் யசோதினி பாலர் வகுப்பு ஆசிரியை. வாயால் ஒன்று சொல்லிக்கொண்டே மேசைக்கடியில் வேறொன்று செய்யும் கலையில் ஐந்து வயதுக்காரர்களை விஞ்சியவர்கள் இல்லை. அவர்களையே வருடக்கணக்காகப் பிடித்துப் பழகிய கண் அவளுடையது. அந்தக் கண் இப்போது உடுக்கை விட்டுக் கட்டாடியாரின் காலுக்கு இறங்கியது. பெட்டி கூவத் தொடங்கும்போது கால் பெருவிரல் ஒருமுறை அழுந்தியது. கூவல் நிற்கும்போது இன்னொருமுறை அழுந்தியது. அவர் சாப்பிட எழுந்து போனால் அம்மாள் ஊமையானாள்.

வெள்ளிக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு விளக்குமாற்றோடு வந்து பாயின் ஓரத்தைத் தூக்கினாள்.

“பாயத் தொடாத கா! அம்மாள் கோவிப்பா!” என்று சுதாகரன் அலறினார்.

அவள் பாயைக் கீழே விட்டாள். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டாள். இப்போதே இவரிடம் சொன்னால் நம்புவாரா? கட்டாடியாரிடம் கேட்டால், அது அம்மாளின் நரம்பு என்பார். ஊரும் அந்த நரம்புக்கு மாலை போடும். சொல்லிப் பயனில்லை. ஊருக்கு முன்னால் காட்ட வேண்டும்.

சனிக்கிழமை வந்தது. காலையிலேயே சுவிஸிலிருந்து செய்தி: ‘பிள்ளையள் ஆவலாக இருக்கினம். ஐந்து மணிக்குச் சந்திப்பம்.’ யசோதினி அதைப் படித்துவிட்டு, அலுமாரியைத் திறந்து வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்தாள். நல்ல கதிரை ஒன்றைச் சுவரோரமாக, பாயிலிருந்து எட்டப் போட்டு, அதன் மேல் வேட்டியை விரித்தாள்.

மதியத்துக்குப் பிறகு முன்னறை நிறைந்தது. வாசலில் வல்லிபுரமும் நின்றார். முகம் கறுத்திருந்தது.

“கட்டாடியார், யானை வந்திற்று. வட்டையில பாதி போயிற்று.”

“எத்தின யானை?”

“நாலு.”

“அம்மாள் தடுக்காட்டி நாப்பது வந்திரிக்கும்!”

கூட்டம் பக்தியோடு முனகியது. வல்லிபுரம் முனகவில்லை. அவர் மிதிபட்ட கதிர்களைப் பார்த்துவிட்டு வந்தவர்.

கட்டாடியார் பாயை நோக்கி நடந்தார். யசோதினி குறுக்கே வந்து கும்பிட்டாள்.

“கட்டாடியார், இத்தின நாளா உங்கள வெறும் பாயில இருத்தினது எங்கட பிழ. வீட்டுக்காரி நான், வெள்ள விரிச்சிரிக்கன். கதிரையில இருங்க.”

கட்டாடியாரின் முகம் மாறியது. “பரவாயில்ல மகள். எனக்குப் பாய்தான்…”

“வெள்ள விரிச்ச இடத்தில இருக்காட்டி வீட்டுக்குக் குறையில்லையா?” என்றார் வல்லிபுரம்.

“ஓம், ஓம், அது குறைதான்!” என்றது கூட்டம். வெள்ளை விரித்து அழைத்தால் மறுப்பது இப்பகுதியில் பெரும் அவமரியாதை. மரபைக் காட்டிப் பிழைக்கும் மனிதர் மரபை மீறுவது எப்படி? அவர் கதிரையில் அமர்ந்தார். உடுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பிரிந்த காதலியைப் பார்ப்பதுபோலப் பாயைப் பார்த்தார்.

“இண்டைக்கு முதல் கேள்வி என்ட,” என்றாள் யசோதினி. பாயருகே முழந்தாளிட்டு, இரு கைகளாலும் பாயைத் தொட்டுக் கும்பிட்டாள். தொட்ட இடத்தில் ஒரு மேடு இருந்தது. அழுத்தினாள். “அம்மாளே, கட்டாடியார் சொல்லுற வாக்கெல்லாம் உண்மையா?”

“பீ…ப்.”

அவள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

“பீ…ப்.”

“ரெண்டு! ஓம் எண்டு சொல்லிற்றா!” என்று ஒருத்தி கூவினாள். கட்டாடியார் புன்னகைத்தார்.

“பீ…ப்.”

“மூண்டு. இல்லையாம்,” என்றார் வல்லிபுரம். புன்னகை அணைந்தது.

“பீ…ப். பீ…ப். பீ…ப்.”

எண்ணியவர்கள் எண்ணிக்கையை விட்டார்கள். பெட்டியம்மனின் இலக்கணத்தில் இதற்கு விதி இல்லை. பெட்டி கத்தியது, கத்திக்கொண்டே இருந்தது. கட்டாடியாரின் உதடுகள் எதையோ முணுமுணுத்தன. கை உடுக்கை அடித்தது. கால் பெருவிரலோ, பழக்கம் பொல்லாதது, சீமெந்துத் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது. தரையில் என்ன இருக்கிறது? பெட்டி கேட்கவில்லை.

“கட்டாடியார், கால்ல என்ன எறும்பா?” என்று கேட்டார் வல்லிபுரம்.

எல்லாக் கண்களும் பெருவிரலில் குவிந்தன. கட்டாடியார் துள்ளி எழுந்தார். “அம்மாளுக்குக் கோவம்! விலகுங்க!” என்று பாய்ந்துபோய்ப் பாயில் விழுந்து காலை நீட்டினார். கூவல் அடங்கியது.

“பாத்தீங்களா!” என்று கூட்டத்தில் பாதி கைகூப்பியது.

“பாக்கல்ல. இப்பதான் பாக்கப் போறம்,” என்றாள் யசோதினி. பாயை ஒரே இழுவையில் உருவினாள்.

எக்ஸ்டென்ஷன் வயர் கிடந்தது. அதன் சிவப்புச் சுவிட்சின் மேல் கட்டாடியாரின் பெருவிரல், கையும் களவுமாக என்று சொல்ல முடியாதபடியால் காலும் களவுமாக, அகப்பட்டுக் கிடந்தது.

யசோதினி குனிந்து அந்தச் சுவிட்சைத் தட்டினாள். பெட்டி கத்தியது. மீண்டும் தட்டினாள். ஓய்ந்தது. வல்லிபுரத்தை அழைத்தாள். அவரும் தட்டிப் பார்த்தார். கரடியனாற்று விவசாயியின் விரலுக்கும் அம்மாள் அதே மரியாதையோடு பதில் சொன்னாள்.

“கரண்ட் இல்லாம எந்தக் கொம்பியூட்டர் வேல செய்யும்? அது விஞ்ஞானம்!” என்றார் மௌஸ் விரிப்பு விற்க வந்திருந்த உதயரூபன், வாசற்பக்கமாக நகர்ந்துகொண்டே. நாலு நாளாக அவரிடம் இல்லாதிருந்த விஞ்ஞானம் அந்தக் கணத்தில்தான் திரும்பி வந்திருந்தது.

“விஞ்ஞானமெண்டா நல்லம். அப்ப பெட்டியத் திறக்கிறன்.”

“ஐயோ, வாரண்டி போயிரும் அக்கா!”

“தெய்வத்துக்கு வாரண்டி இல்லையெண்டு நீங்கதானே தம்பி சொன்ன?”

உதயரூபன் வாசலை இன்னோர் அடி நெருங்கினார். சுதாகரன் தடுக்கப் பார்த்தார். “இஞ்ச பாருங்க,” என்றாள் யசோதினி, குரலை உயர்த்தாமலே. “இது என்ட வீடு. என்ட கொம்பியூட்டர். அஞ்சு மணிக்கு என்ட வகுப்பு. தள்ளுங்க.” சுதாகரன் தள்ளினார்.

பட்டு கழன்றது. மாலை கழன்றது. வயரைப் பிடுங்கி, மூடியைத் திறந்தாள். றுமானா சொன்ன தகட்டை மெதுவாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் பற்களின் மேல் காய்ந்துபோன மஞ்சள் கறை. ஊரே எட்டிப் பார்த்தது. பெட்டிக்குள்ளே பேயும் இல்லை, வாவியம்மாளும் இல்லை. இருந்தது சுதாகரனின் பக்தி மட்டுந்தான்.

அவள் அழிறப்பரால் தேய்த்தாள். மஞ்சள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தகட்டை அதன் இடத்தில் வைத்து அமத்தினாள். ‘டக்.’ வயரைப் பூட்டிச் சுவிட்சைப் போட்டாள்.

“பீப்.” சிறிய, ஒற்றைக் கூவல். பிறகு மஞ்சள் துணிக்குப் பின்னால் வெளிச்சம்.

கட்டாடியார் இந்த வெளிச்சத்துக்குக் காத்திருக்கவில்லை. வாசலுக்கு விரைந்தவர், குவியலுக்குள் தமது செருப்பைத் தேட நேரமில்லாமல் வெறுங்காலோடு வெளியேறினார். சுடுமணலில் அந்தப் பெருவிரல் அன்றைக்கு நிறையவே துள்ளியிருக்கும். உதயரூபன் பதாகையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்தொடர்ந்தார். தட்டத்திலிருந்த தத்தம் காணிக்கையைச் சனம் பொறுக்கிக்கொண்டது. போட்டதைவிட அதிகமாகப் பொறுக்கியவர்களும் உண்டென்று கேள்வி.

கதை இத்துடன் முடிந்ததா? புதுக் கணினி வாங்கியவர்களைக் கேளுங்கள். அம்மாள் போனாள், அப்டேட் வந்தது. ‘சற்றுக் காத்திருக்கவும்; அணைக்க வேண்டாம்’ என்று திரை கட்டளையிட்டது. நடுவில் புள்ளிகள் வட்டமாகச் சுழன்றன. நேரம் நாலரையைத் தாண்டியது. யசோதினி நகத்தைக் கடித்தாள். பின்வரிசையில் ஒருவர் அந்தச் சுழற்சியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “சக்கரம்!” என்று கைகளைக் குவித்தார்.

“கும்பிட்டா கெதியாச் சுத்தாது அண்ண. கைய இறக்குங்க,” என்றாள் யசோதினி.

ஐந்து மணிக்குச் சற்று முன்னர் சுழற்சி நின்றது. திரையில் ஒவ்வொன்றாகச் சின்ன முகங்கள் தோன்றின. பொறுப்பான அம்மா, “வந்திட்டீங்களே பிள்ளை! நல்லது, துவங்குங்கோ,” என்றார். “வணக்கம் பிள்ளைகளே,” என்றாள் யசோதினி. திரையின் பின்னால் நின்ற ஊரும் சேர்ந்து வணக்கம் சொன்னது.

“நான் போய் யானை வேலியப் பாக்கிறன் மகள்,” என்று மெல்லச் சொல்லிவிட்டு வல்லிபுரம் புறப்பட்டார். அன்று அந்த அறையிலிருந்து ஒரு பதிலோடு போனவர் அவர் ஒருவரே.

கட்டாருக்குப் போன கணவனைப் பற்றிக் கேட்க வந்தவள் மட்டும் நகரவில்லை. வகுப்பு முடியும்வரை காத்திருந்து, மேசையில் கிடந்த அழிறப்பரை எடுத்தாள். இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.

“புள்ள, இது எந்தக் கடையில வாங்கின அழிறப்பர்? நல்ல ராசியான சாமான். வீட்டில வச்சா அவர் பேசுவாரா?”

யசோதினி கணினியை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அது பெட்டிக்குள்ள பிடிச்சிரிந்த மஞ்சளத்தான் அழிச்ச கா. மண்டைக்குள்ள பிடிச்சிரிக்கிறத அழிக்க ஒரு கடையிலயும் அழிறப்பர் விக்கிறல்ல. அத அவங்கவங்கதான் யோசிச்சு அழிக்கணும். அவர் பேசணுமெண்டா முதல்ல நீங்க போன எடுத்துக் கதைச்சுப் பாருங்க.”

அவள் மிகுந்த மரியாதையோடு தலையசைத்தாள். தலையசைத்துக்கொண்டே அழிறப்பரை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

யோசிப்பதற்கு மின்சாரம் வேண்டாம், உடுக்கு வேண்டாம், தட்டமும் வேண்டாம். அதனால்தான் போலும், யோசனையின் வாசலில் மட்டும் இன்னும் செருப்புகள் குவியவில்லை.